கண்ணகிக்குக் கிடைத்தது கல்!

சிலப்பதிகாரத்தைப் போற்றாத தமிழர் இல்லை. மேடையேறுவோர் வழக்குரை காதையை முழங்குகின்றனர். மாணவர் மனனம் செய்கின்றனர். நாடகத்தார் ஒற்றைச் சிலம்பை ஓங்கிப் பிடித்த மங்கையைக் காட்டிக் கைதட்டல் பெறுகின்றனர். முடிபுனைந்த மன்னன் முன்னே ஒரு குடிமகள் நின்று, அவன் செய்த தவற்றை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்த காட்சி போற்றத்தக்கதே. அதிலே நமக்கு மாறுபாடு இல்லை.

ஆனால், அந்தக் காட்சியோடு நூலை மூடிவிடுகிறோமே, அதிலேதான் நமக்கு மாறுபாடு. மன்னன் வீழ்ந்தான், தேவியும் வீழ்ந்தாள், நீதி நிலைத்தது என்று நெஞ்சு நிறைந்து எழுந்து போகிறோம். நீதி நிலைத்ததா? கொலையுண்டவன் மனைவிக்கு என்ன கிடைத்தது? அவள் எங்கே உண்டாள், எங்கே உறங்கினாள்? இந்தக் கேள்விகளை எவரும் எழுப்புவதில்லை. நீதி என்றால் தண்டனை என்றே கேட்டும் படித்தும் பழகிவிட்டோம். குற்றவாளி வீழ்ந்தவுடன் கதை முடிந்தது. அடிபட்டவர் கதைக்கு வெளியே போய்விட்டார்.

இது ஏட்டோடு நின்றுவிட்ட குறையென்றால் இலக்கிய ஆராய்ச்சியாளரிடம் விட்டுவிடலாம். ஏட்டிலே ஊறிய எண்ணம் நாட்டிலேயும் நடமாடுகிறது. வெட்டுண்டு கை இழந்தவன், திராவகம் வீசப்பட்டு முகம் இழந்தவள், குடும்பத்தைத் தாங்கியவன் கொலையுண்டதால் சோறு இழந்த சிறுவர் ஆகியோரைப் பார்த்து, "குற்றவாளி சிறைக்குப் போய்விட்டான், இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிற ஊர் நம் ஊர். என்ன வேண்டும் என்பதற்கு விடை, நாம் படிக்காமல் மூடிவிட்ட பக்கங்களிலேயே இருக்கிறது. வழக்குரை காதைக்கு மூன்று காதைகள் தள்ளி, 23ஆவதாக நிற்கும் கட்டுரை காதையைத் தோழர்கள் புரட்ட வேண்டுகிறோம்.

ஒரே காதையில் மூன்று பெண்கள்

மதுரை எரிகிறது. மார்பொன்றை இழந்த கண்ணகி தெருவிலே திரிகிறாள். மதுராபதித் தெய்வம் அவளிடம் வருகிறது. எப்படி வருகிறது? முன்னே வந்து நிற்க இயலாமல், பின்னே வந்து பேசுகிறது. இழப்புற்றவரின் முகத்தைப் பார்க்கும் துணிவு, ஊரைக் காக்கும் தெய்வத்துக்கே இல்லை!

பின்னே நின்ற தெய்வம் இரண்டு கதைகளைச் சொல்கிறது.

முதற்கதை வார்த்திகனுடையது. திருத்தங்காலில் வாழ்ந்த பார்ப்பனன் அவன். சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்பவன், வழியிலே வார்த்திகனின் சிறுமகன் மறை ஓதக் கேட்டு மகிழ்ந்து, அணிகலன்களை அளித்துவிட்டுப் போனான். அந்த அணிகலன்களைக் கண்ட அரசு ஊழியர் பொறாமை கொண்டனர். அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்துகொண்டான் என்று பழி சுமத்தி, வார்த்திகனைச் சிறையில் அடைத்தனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புரண்டாள். செய்தி பாண்டியன் செவிக்கு எட்டியது. விசாரித்தான், உண்மை அறிந்தான், சிறைக்கதவைத் திறந்தான்.

அத்தோடு நின்றானா? இல்லை. தவறு தன் ஆட்சியின் தவறு என்று ஒப்பி, பொறுக்குமாறு வேண்டினான். திருத்தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு உரிமையாக்கினான். பின்னர், பிறர் புதைத்து வைத்ததானாலும் தற்செயலாய்க் கிடைத்ததானாலும், பொருள் கண்டெடுத்தவர்க்கே உரியது என்று யானைமேல் முரசறைந்து நாட்டுக்கு அறிவித்தான். விடுதலை, மன்னிப்பு, ஈடு, சட்டத் திருத்தம் என நான்கையும் ஒருசேரச் செய்திருக்கிறான் பாண்டியன். இக்காலத்து அரசுகள் ஒன்றைச் செய்துவிட்டு மற்ற மூன்றையும் மறந்துவிடுவதைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இரண்டாம் கதை நீலியுடையது. கலிங்க நாட்டிலே சிங்கபுரம், கபிலபுரம் என இரு நகரங்கள். இரு மன்னர்க்குள் பகை. கபிலபுரத்து வணிகன் சங்கமன் தன் மனைவி நீலியோடு சிங்கபுரம் வந்து அணிகலன் விற்றான். அரசு ஊழியனான பரதன் அவனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்தான், சங்கமன் கொல்லப்பட்டான். நீலி 14 நாட்கள் அழுது திரிந்தாள். அரசரைக் கேட்டாள், வணிகரைக் கேட்டாள், ஊராரைக் கேட்டாள், இது முறைதானா என்று தெருத்தெருவாகக் கேட்டாள். விடை சொல்வார் இல்லை. மலையேறிக் குதித்து மாண்டாள்; மாளுமுன் சாபமிட்டாள். அந்தப் பரதன்தான் மறுபிறப்பில் கோவலனாகப் பிறந்தான். ஆகவேதான் வெட்டுண்டான் என்று முடிக்கிறது தெய்வம்.

மூன்றாம் பெண், இவ்விரு கதைகளையும் கேட்டு நிற்கிற கண்ணகி. அவளுக்குத் தெய்வம் தரும் ஆறுதல் என்ன? இன்னும் 14 நாள் கழிந்தால் கணவனை வானவர் வடிவிலே காண்பாய் என்பதுதான்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரே காதையில் மூன்று பெண்கள். மூவருக்கும் இழைக்கப்பட்டது அநீதி. கார்த்திகைக்கு ஊர் கிடைத்தது. நீலிக்குச் சாபம் ஒன்றுதான் மிஞ்சியது. கண்ணகிக்குப் பழம்பிறப்புக் கதையும் வானுலகத் தவணையும் கிடைத்தன. பார்ப்பனன் மனைவிக்கு ஈடு, வணிகன் மனைவிக்கு விதி என்று பிரித்துவைத்த தராசை நாம் பார்த்தும் பாராமல் போக இயலாது. ஆனால் அதைவிட ஆழமான வேறுபாடு ஒன்றும் உண்டு. முதற்கதையில், "யார் செய்த தவறு?" என்று அரசன் கேட்டான், ஆகவே ஈடு பிறந்தது. மூன்றாவதிலே, "எப்பிறவியில் செய்த வினை?" என்று தெய்வம் கேட்டது, ஆகவே ஈடு செத்தது.

வினைக் கொள்கையின் விளைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இலக்கியத்தில் அரிது. வெட்டுண்டவன் முன்னே செய்த வினையால் வெட்டுண்டான் என்று ஒப்புக்கொண்டால், அவனுக்கு எவரும் கடன்பட்டவர் அல்லர். காவலன் கடன்படவில்லை, காவலர் கடன்படவில்லை, கொலைஞனும்கூட வினை ஏவிய வெறும் கருவியாகிவிடுகிறான். கணக்கு முற்பிறவியிலேயே தீர்க்கப்பட்டுவிட்ட பிறகு, இப்பிறவியிலே வழக்கு ஏது, இழப்பீடு ஏது? "தலையெழுத்து" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அரசுக் கருவூலத்தின் பூட்டு இறுகிவிடுகிறது.

பலியும் கல்லும்

பின்னே நடந்தவற்றையும் பார்ப்போம். கோவலனின் தந்தை மாசாத்துவான் பொருளையெல்லாம் வழங்கிவிட்டுத் துறவு பூண்டான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகத் துறவியானான். தாயர் இருவரும் உயிர் துறந்தனர். மாதவி துறவு மேற்கொண்டாள். ஒரு கொலை எத்தனை குடும்பங்களைக் குலைக்கும் என்பதை இளங்கோ ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதற்காக அவருக்குத் தலை வணங்குகிறோம்.

ஆனால் அரசுகள் என்ன செய்தன? கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சத்துக்காக, ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டான். அந்த ஆயிரவரும் செய்த குற்றம் என்ன? பொற்கொல்லராய்ப் பிறந்தது! அவர்தம் மனைவியர் ஆயிரவரும் ஆயிரம் கண்ணகியராகி நின்றிருப்பரே, அவர்களுக்குச் சிலம்பேந்த ஒரு காப்பியம் உண்டா? மதுரையிலே தீக்கிரையான வீடுகளுக்கு எவர் ஈடு தந்தார்?

சேரன் செங்குட்டுவன் வடக்கே படை நடத்தினான், போரிட்டான், இமயத்துக் கல்லை எடுத்து, கனக விசயர் தலையிலே ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்தான், வஞ்சியிலே கோயில் எழுப்பினான். ஒரு கல்லுக்காக ஒரு போர்! அந்தப் போரிலே மாண்டவர் எத்தனை பேர்? ஆக, உயிரோடிருந்தபோது ஒரு கைப்பிடிச் சோறு தருவாரில்லாத கண்ணகிக்குக் கடைசியிலே கிடைத்தது கல்! இன்றும் நாம் அதையேதான் செய்கிறோம். மாண்டவர்க்கு மாலை, மண்டபம், மௌன அஞ்சலி. பிழைத்துக் கிடப்பவரின் படுக்கையருகே எவரும் இல்லை.

காப்பியம் இப்படியென்றால் புராணம் இன்னும் எளிதாகக் கணக்கை முடிக்கிறது. பெரியபுராணத்து மனுநீதிச் சோழன் கதை அனைவரும் அறிந்தது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே அவனுக்குச் சிலை உண்டு. மகன் தேர்க்காலில் கன்று மாண்டது. பசு மணியை அசைத்தது. கழுவாய்ச் சடங்கு செய்து தப்பிக்கலாம் என்ற யோசனையை மன்னன் மறுத்தான். அந்த நேர்மையைப் பாராட்டுவோம். பின்பு தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். பசுவின் துயரைத் தானும் அடைவதே நீதி என்று கருதினான். இதனால் பசுவுக்கு என்ன பயன்? பால் சுரந்த மடிக்குக் கன்று வந்ததா? இந்தக் கேள்வியின் கூர்மை புராணக்காரருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அதனால்தான் இறைவனைக் காட்சி தரச் செய்து, கன்றையும் எழுப்பி, மகனையும் எழுப்பி, கதையை மங்களமாக முடித்துவிட்டார். துன்புற்றவர்க்கு ஈடு வேண்டும் என்ற உணர்வு அங்கேயும் இருக்கிறது. ஆனால் அது அதிசயத்தின் கையிலே ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலே எந்த விடையேறுவோனும் வந்து தோலை வளர்த்துத் தருவதில்லை. அங்கே மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், மாதக்கணக்கில் துணைக்கிருப்பவருக்கு உணவு வேண்டும். அத்தனைக்கும் பணம் வேண்டும்.

சொல்லிலே இருக்கும் சூது

பணம் என்றதும் சிலர் முகம் சுளிக்கின்றனர். "உயிருக்கு விலை பேசுவதா? மானத்துக்கு மதிப்பு போடுவதா?" என்கின்றனர். இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் வாடகை தர முடியாமல் தவித்தவராய் இருப்பதில்லை. இழப்பீடு என்பது உயிரின் விலை அன்று. இழந்ததற்கு ஈடாக, இனி வாழ்வதற்கு வேண்டியதைக் கொடுப்பது. இழப்பு, ஈடு என்ற இரு சொற்களைச் சேர்த்து நாம் உண்டாக்கிக்கொண்ட நல்ல சொல் அது.

அந்த நல்ல சொல்லை ஒதுக்கிவிட்டு, வேறு சொற்களை நுழைக்கின்றனர். "கருணைத்தொகை" என்கின்றனர். "உதவித்தொகை" என்கின்றனர். கொடுமை நடந்த ஊருக்கு அதிகாரி வருகிறார், காசோலையைக் கொடுக்கிறார், நிழற்படம் எடுக்கப்படுகிறது, வாங்குகிற கை தாழ்ந்தும் கொடுக்கிற கை உயர்ந்தும் நாளேட்டிலே வெளியாகிறது. கருணை என்றால் கொடுப்பவர் விருப்பம். தராவிட்டால் கேட்க இயலாது. ஈடு என்றால் பெறுபவர் உரிமை; தராவிட்டால் வழக்காடலாம். ஒரு சொல் மாறுவதால் ஒரு குடிமகன் இரவலனாகிவிடுகிறான்.

இந்தச் சூது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனிலே மார்ஜரி ஃபிரை என்ற சீர்திருத்த அம்மையார், 1951ஆம் ஆண்டில் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்காட்டினார். இருவர் தாக்கியதில் ஒருவர் கண்பார்வையை இழந்தார். 11,500 பவுன் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தாக்கிய இருவரும் வாரம் ஐந்து ஷில்லிங் வீதம் செலுத்தவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடைசித் தவணையைப் பெற அந்தப் பார்வையிழந்தவர் இன்னும் 442 ஆண்டுகள் உயிரோடிருக்க வேண்டும்! குற்றவாளியிடமே வாங்கிக்கொள் என்று அரசு விலகிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும். குடிகளைக் காக்கிறேன் என்று பொறுப்பேற்ற அரசு, காக்கத் தவறியபோது ஈடு தரவேண்டும் என்று அம்மையார் வாதாடினார், 1958இல் மறைந்தார். 1963இல் நியூசிலாந்து அதற்கென ஒரு சட்டம் இயற்றி உலகுக்கு வழிகாட்டியது. 1964இல் பிரிட்டனும் ஒரு திட்டம் வகுத்தது. ஆனால் அது உரிமையன்று, கருணையே என்ற அடிப்படையிலேயே வகுத்தது. சட்டத்தின் அடிப்படையில் அதை நிறுத்த 1995 வரை, 31 ஆண்டுகள், பிடித்தன.

புதுமை என்று எண்ணவும் வேண்டியதில்லை. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபியின் சட்டத்திலே, கொள்ளையன் பிடிபடாவிட்டால் பறிகொடுத்தவனுக்கு அவ்வூரும் அவ்வூர்த் தலைவனும் ஈடு தரவேண்டும் என்றும், உயிர் போயிருந்தால் மாண்டவன் குடும்பத்துக்கு ஒரு மினா வெள்ளி தரவேண்டும் என்றும் விதி உண்டு. களிமண் பலகையில் எழுதப் பழகிய காலத்திலேயே தோன்றிவிட்ட எண்ணம் இது.

நம் நாட்டுச் சட்டம் நடந்த வழி

நம் நாட்டிலே இந்த எண்ணம் ஆமை நடை நடந்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 545ஆம் பிரிவு, அபராதத்திலிருந்து ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கலாம் என்றது. அபராதம் விதித்தால்தான் உண்டு. அதுவும் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357ஆம் பிரிவு ஓரடி முன்னேறி, அபராதம் விதிக்காதபோதும் இழப்பீடு தருமாறு குற்றவாளிக்கு ஆணையிடலாம் என்றது. அந்த அதிகாரம் நூலிலே துயின்றது. 1988இல் ஹரிசிங் எதிர் சுக்பீர்சிங் வழக்கில், தாக்குதலால் பேச்சாற்றல் குன்றிய ஒருவருக்கு இழப்பீட்டை 50,000 ரூபாயாக உயர்த்திய உச்சநீதிமன்றம், இவ்வதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துமாறு நீதிமன்றங்களை வேண்டியது. 25 ஆண்டுகள் கழித்து, 2013இல், அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கிலே, மறுபடியும் சொல்லவேண்டி வந்தது. இழப்பீடு பற்றி எண்ணிப் பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை. கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் எழுதவேண்டும் என்று அப்போது உறுதியாகக் கூறியது. ஒரே பாடத்தை இருமுறை நடத்த வேண்டியிருந்தது. மாணவர் மக்கு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஆசிரியப் பணியில் இருக்கிற நமக்கு அந்தத் தொல்லை புரிகிறது!

பெரிய மாற்றம் 31-12-2009 அன்று நடைமுறைக்கு வந்த 357-அ பிரிவாலே விளைந்தது. ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. குற்றவாளி ஏழையாயிருந்தாலும் அரசு தரவேண்டும். குற்றவாளி யாரென்றே தெரியாமல், வழக்கே நடக்காமற் போனாலும் பாதிக்கப்பட்டவர் விண்ணப்பிக்கலாம். வழக்கு விடுதலையிலே முடிந்தாலும், மறுவாழ்வு தேவையெனில் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்கவேண்டும். தண்டனையையும் ஈட்டையும் பிணைத்திருந்த பழைய கயிறு இங்கேதான் அறுந்தது. குற்றவாளிக்கு என்ன நேர்ந்தது என்பது ஒரு கேள்வி. அடிபட்டவருக்கு என்ன வேண்டும் என்பது வேறொரு கேள்வி என்று சட்டம் ஒப்புக்கொண்டது. தமிழ்நாடும் 2013இல் தன் திட்டத்தை வகுத்தது.

அதே 2013இல்தான் இலட்சுமி எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஆணை பிறந்தது. 2005இல் தில்லியில் திராவகத்தால் தாக்கப்பட்ட அந்த இளம்பெண், தன் காயத்தோடு முடங்கிவிடாமல் 2006இல் வழக்குத் தொடுத்தார். திராவகத் தாக்குதலுக்கு உள்ளானோருக்குக் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் தரவேண்டும். அதில் 1 இலட்சத்தைச் செய்தி எட்டிய 15 நாளுக்குள், மீதியை அடுத்த இரண்டு மாதத்துக்குள் தரவேண்டும் என்று மன்றம் ஆணையிட்டது. 2015இல், எந்த மருத்துவமனையும், தனியார் மருத்துவமனை உட்பட, இவர்களுக்கு இலவச மருத்துவம் மறுக்கலாகாது என்றது. 2018இல் பெண்களுக்கென வகுக்கப்பட்ட தேசியத் திட்டம், திராவகத்தால் முகம் சிதைந்தோர்க்கு 7 முதல் 8 இலட்சம் வரை தரலாம் என்றது. கண்ணகி சிலம்பை ஏந்தினார். இலட்சுமி மனுவை ஏந்தினார். சிலம்பு ஒரு மன்னனை வீழ்த்தியது; மனு, முகம் அறியாத பல பெண்களுக்கு மருந்தும் சோறும் வாங்கிக் கொடுத்தது. எதைப் பெரிதென்று பாடப்போகிறோம், கவிஞர்களே?

1973ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 1-7-2024 முதல் அதனிடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று ஒன்று வந்திருக்கிறது. பெயர் நம்மவர் வாயில் நுழைய மறுக்கும். காயம்பட்ட கூலித்தொழிலாளி அதை எப்படிச் சொல்லிக் கேட்பார் என்பதை எண்ணாமல் வைத்த பெயர். ஆயினும் எண்ணை நினைவில் கொள்ளுங்கள். பழைய 357ஆம் பிரிவு அங்கே 395. 357-அ அங்கே 396. இலவச மருத்துவம் பற்றியது 397.

குறை எங்கே?

சட்டம் வந்துவிட்டதால் குறை தீர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடியவேண்டும் என்கிற பிரிவு, முடியாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. தவணை தவறினால் வட்டி கேட்கும் அரசு, தான் தவணை தவறினால் வாய் மூடிக்கொள்கிறது. அட்டவணையிலே கைக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறது; ஆனால் தையற்காரியின் கண்ணும் பாடகியின் கண்ணும் இழந்துவிட்டால் விளைவு ஒன்றாகாது. பல ஆண்டுகளுக்கு நீளும் அறுவை மருத்துவத்துக்கு ஒருமுறை கொடுக்கும் தொகை எப்படிப் போதும்?

எல்லாவற்றிலும் பெரிய குறை, உரியவருக்கே செய்தி எட்டாமையே. தண்டனைச் செய்தியைத் தலைப்பிலே போடும் ஏடுகள், இழப்பீட்டுச் செய்தியைக் கடைசிப் பக்கத்திலும் போடுவதில்லை. திரைப்படத்திலே கயவன் வீழ்ந்தவுடன் "சுபம்" என்று எழுத்து விழுகிறது. தங்கையின் காயத்துக்காக அண்ணன் பத்துப் பேரை அடிக்கிறான். அந்தத் தங்கை பின்னர் எந்த வேலைக்குப் போனாள் என்று எந்தப் படமும் காட்டுவதில்லை. கதை எழுதும் தோழர்களுக்கு இங்கே ஒரு வெற்றிடம் காத்திருக்கிறது. அரிவாளைப் பற்றி ஆயிரம் கதை எழுதியாயிற்று. அரிவாள் வெட்டுக்குப் பின்னே வருகிற மூன்றாம் மாதத்தைப் பற்றி எழுதுங்கள்.

"குற்றவாளி செய்ததற்கு மக்களின் வரிப்பணத்தை ஏன் கொடுக்கவேண்டும்?" என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வி, விடை தருவோம். பழிக்குப் பழி வாங்காதே, ஆயுதம் ஏந்தாதே, உன்னை நான் காக்கிறேன் என்று சொல்லித்தான் அரசு வரி வாங்குகிறது. காக்கத் தவறிய இடத்தில், வாங்கியதற்கு ஈடு சொல்லவேண்டாமா? மேலும், விதிக்கிற அபராதம் எங்கே போகிறது? நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிடாவிட்டால் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. குருதி சிந்தியவர் ஒருவர். காசு வாங்குபவர் வேறொருவர்! "பொய் சொல்லிப் பணம் பறிப்பார்களே" என்பது அடுத்த ஐயம். அதற்காகத்தான் விசாரணை இருக்கிறது. கள்ள நாணயம் இருக்கிறது என்பதற்காக நாணயத்தையே ஒழிப்பாருண்டோ?

தண்டனைக்காகக் காத்திராமலே தரும் முறை நம் நாட்டில் இயலாததும் அன்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இலேயே, வழக்கின் படிநிலைகளுக்கேற்பத் தொகை வழங்க வழி செய்தன. 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குற்றத்துக்கேற்ப 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை. கொலை வழக்கிலே பாதித்தொகை பிணக்கூறு ஆய்வு முடிந்தவுடன், மறுபாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் சென்றவுடன். தீர்ப்பு வரட்டும் என்று பசித்த குழந்தை காத்திராது என்பதை உணர்ந்து எழுதிய விதி இது. இதே உணர்வு எல்லாத் திட்டங்களுக்கும் பரவவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதோடு நம் கடமை முடிவதில்லை. ஊரிலே ஒரு வன்முறை நேர்ந்தால், படித்த இளைஞர் இருவர் அந்த வீட்டுக்குப் போகட்டும். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறும் உரிமை உண்டு, கேட்டு வாங்கட்டும். காயச் சான்றிதழ், மருத்துவச் சீட்டுகள், மருந்துக் கடைப் பற்றுச்சீட்டுகள், இழந்த கூலியின் கணக்கு ஆகிய அனைத்தையும் ஓர் உறையிலே சேர்க்கட்டும். பற்றுச்சீட்டு இல்லையென்பதாலேயே எத்தனை உண்மை பொய்யாகிவிடுகிறது! மாவட்ட நீதிமன்ற வளாகத்திலே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. விண்ணப்பத்தை அங்கே கொடுக்கட்டும். உடனடி மருத்துவ உதவிக்கும் இடைக்கால உதவிக்கும் தனியாகக் கேட்கட்டும். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ நீதித்துறை நடுவரோ சான்றளித்தால் அந்த உதவிக்கு ஆணைக்குழு ஆணையிடலாம். வழக்கறிஞரை வைக்க வசதியில்லாத பெண்டிர்க்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், பிற வறியவர்க்கும் அந்த ஆணைக்குழுவே வழக்கறிஞரைத் தரும். நாள் கடத்தலாகாது, திட்டங்களுக்குக் கால வரம்பு உண்டு. வழக்கு நீதிமன்றத்திலே நடக்கும்போது, தண்டனையைக் கேட்கும் அரசு வழக்கறிஞரிடம், இழப்பீட்டையும் கேட்குமாறு நினைவூட்டட்டும்.

இவற்றில் எதற்கும் வீரம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். சிலம்பை ஓங்கி உடைக்க ஒரு நொடி போதும். விண்ணப்பத்தோடு ஆறுமுறை படியேறி இறங்க, ஆறு நாள் கூலி போகும். அந்தக் கூலியை இழக்க முடியாதவருக்காக நாம் ஏறி இறங்குவதுதான் பகுத்தறிவு, அதுதான் தொண்டு.

பக்கத்து வீட்டார் வருவர். "எல்லாம் விதி" என்பர். "போனது போகட்டும்" என்பர். "பணத்துக்காகப் பேசுகிறாயே" என்றும் இடித்துரைப்பர். அவர்கள் அறியாமலே பேசுவது, கட்டுரை காதையின் இரண்டாம் கதையை. அவர்களுக்கு முதற்கதையைச் சொல்லுங்கள். தவறு நேர்ந்தது என்று ஒப்பி, தாழ்ந்து, ஈந்து, சட்டத்தையும் திருத்திய அரசன் ஒருவன் நம் இலக்கியத்திலேயே இருக்கிறான் என்று சொல்லுங்கள். அவன் ஒரு பார்ப்பனக் குடும்பத்துக்கு மட்டும் செய்ததை, இன்றைய அரசு காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது.

கார்த்திகைக்குக் கிடைத்தது நீலிக்கும் கிடைக்கவேண்டும். கோயில் பின்னர்க் கட்டிக்கொள்ளலாம். முதலில் கண்ணகிக்குக் கஞ்சி கொடுங்கள்.